வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி? சுவரைக் கேளுங்கள்

வீட்டைக் காக்க எந்தக் கலிபர் துப்பாக்கி நல்லது? அமெரிக்காவில் இது அன்றாடப் பேச்சு. கடைக்காரரைக் கேட்டால் ஒரு மணி நேரம் பதில் சொல்வார். நம் கெடாவில் இதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு தாமானில் இரவில் வீடு உடைத்துத் திருடினால், மறுநாள் காலை காப்பிக் கடையில் “கையில ஒரு துப்பாக்கி மட்டும் இருந்திருந்தா...” என்று யாராவது ஆரம்பிக்கிறார். பக்கத்து மேசைத் தம்பி கைப்பேசியை நீட்டுகிறான். அதில் ஓர் அமெரிக்கர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களைச் சுட்டுக்காட்டி, இந்த ரகம் நாலு பீப்பாயைத் துளைக்கிறது, அந்த ரகம் இரண்டோடு நிற்கிறது என்று விளக்குகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான்; போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. உரிமம் கிடைப்பவர்களில் பலர் பயிரைக் காக்க ஷாட்கன் வாங்கும் விவசாயிகள். மலாய்க்காரர்கள் ‘செனாப்பாங் பாத்தா’ என்று சொல்லும், நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி அது. வீட்டுக் காவலுக்கு ரைஃபிள் வேண்டும் என்று மனுப் போட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கதவு மூடியிருக்கும்போது கலிபரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். கதவு மூடியிருப்பதாலேயே ஆசை வளர்கிறது. ‘சட்டம் மட்டும் விட்டால் நம் வீடு பத்திரம்’ என்ற நினைப்பு மெல்ல ஊறிக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பு சரியா என்பதைச் சட்டப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, எடையையும் வேகத்தையும் சுவரையும் வைத்தே பார்த்துவிடலாம்.

கலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அவ்வளவுதான். .303 என்றால் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். ஷாட்கன்னுக்கு வேறு கணக்கு. ‘பன்னிரண்டு போர்’ என்பது எந்த அளவையும் நேரடியாகச் சொல்வதில்லை. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ, அது பன்னிரண்டு போர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். பதினாறு போர் அதைவிடச் சிறியது. ஒரு ராத்தலைப் பதினாறாகப் பங்கிட்டால் உருண்டை சிறுத்துத்தானே போகும். எண் கூடினால் குழல் பெரிது என்று நினைப்பவர்கள் இங்கேயே வழுக்குகிறார்கள்.

கலிபரை வைத்து மட்டும் ஒரு குண்டை அளக்க முடியாது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். .22 என்ற சின்னத் துப்பாக்கியின் குண்டும், ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் ரைஃபிளின் குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன்தான். ஆனால் .22 குண்டு 2.6 கிராம் எடையோடு வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 140 ஜூல். 5.56 குண்டு 4 கிராம், வினாடிக்கு 940 மீட்டர். ஆற்றல் 1,700 ஜூலுக்கு மேல், அதாவது பன்னிரண்டு மடங்கு. எடை இருமடங்கானால் ஆற்றல் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம். லாஸ்டிக்கில் கல் வைத்துக் குருவி அடித்த பையன்களுக்குச் சூத்திரம் தெரியாவிட்டாலும் விஷயம் தெரியும். பெரிய கல்லைவிட, ரப்பரை நன்றாக இழுத்துவிட்ட சிறு கல்தான் ஓட்டை உடைக்கும்.

.303 குண்டின் எடை 11.3 கிராம், வேகம் வினாடிக்கு 744 மீட்டர். ஆற்றல் 3,100 ஜூலைத் தாண்டும். நம் தோட்டங்களுக்கு இந்த எண் புதிதல்ல. அவசரகாலத்தில் தோட்ட வாசலில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளின் தோளில் தொங்கியது பெரும்பாலும் இந்த .303 லீ-என்ஃபீல்டுதான். கலிபர் வாதத்தை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையே இல்லை. அது இங்கே ரப்பர் மரங்களுக்கிடையே ஏற்கெனவே நடந்து முடிந்த சங்கதி.

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் வந்தது. அதன் பிறகு துரைகளின் பங்களாக்கள் சிறு கோட்டைகள் ஆயின. மணல் மூட்டை, முள்கம்பி, தேடுவிளக்கு, இரவுக் காவல். துரையின் இடுப்பில் ரிவால்வர், காரில் ஸ்டென் துப்பாக்கி. வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி என்பது மலாயாவில் சட்டப்படி, பரவலாக நடந்த காலம் அது. யாருடைய வீடு என்பதைக் கவனியுங்கள். லயத்துக்குக் கிடைத்தது முள்கம்பி வேலி. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து வேலிக்குள் அடைத்தார்கள். காலையில் மரம் வெட்டப் போகும் பெண்களின் வாளியையும் சோற்றுத் தூக்கையும் வாசலில் சோதித்தார்கள், காட்டுக்கு அரிசி போகிறதா என்று.

லயத்து மனிதர் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே விதிகள் சொல்லின. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, தஞ்சாவூர் மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து வந்தவர், ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு தலையிட்டும் பயனில்லை. அவர் சுட்டதாகக்கூடக் குற்றச்சாட்டு இல்லை, வைத்திருந்ததுதான் குற்றம். துப்பாக்கிச் சட்டம் என்றதும் நம்மில் வயதானவர்கள் முகம் ஏன் மாறுகிறது என்பது இளைஞர்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி அந்தக் காட்டுச் சண்டை தந்த அறிவியலுக்கு வருவோம். ரப்பர்க் காட்டிலும் அதை ஒட்டிய அடர்காட்டிலும் எதிராளி சில கெஜம் தூரத்தில் திடீரென்று தெரிவான், உடனே மறைவான். 600 கெஜம் துல்லியமாகச் சுடும் ரைஃபிளுக்கு அங்கே வேலை குறைவு. லீ-என்ஃபீல்டைக் குட்டையாக்கிக் காட்டுக்கென்றே ஒரு கார்பைன் செய்தார்கள். குழலைக் குறைத்ததால் வாயில் பெரும் தீப்பிழம்பு, தோளில் முரட்டு உதை. மலாயா அனுபவத்தை அலசிய பிரிட்டிஷ் ராணுவம், 30 கெஜத்துக்குள் மனித அளவு இலக்கைத் தாக்கும் வாய்ப்பில் ஷாட்கன் மற்ற ஆயுதங்களைவிட மேல் என்று கண்டது. ஒரே தோட்டாவில் பல ரவைகள் போவதால் ஒன்றாவது படும் என்பதே காரணம். ரோந்தின் முன்னால் போகிறவரிடம் ஷாட்கன் கொடுப்பது அப்படித்தான் வழக்கமாயிற்று.

‘வீட்டுக்கு ஷாட்கன்தான் சிறந்தது, குறி பார்க்கவே வேண்டாம்’ என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அந்த வாதமும் இந்தக் கண்டுபிடிப்பும் ஒரே இனம். ஆனால் காட்டில் உண்மையானது கூடத்தில் உண்மையில்லை. ரவைகள் விரிவது, பொதுக் கணக்காக, ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம். தாமான் வீட்டின் முன்கூடம் ஐந்து மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் எல்லா ரவைகளும் சேர்ந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரிந்திருக்கும். குறி பார்க்காமல் சுட்டால் உள்ளங்கை அகலமும் தப்பிப் போகும். 30 கெஜத்தில் உதவிய விரிவு ஐந்து கெஜத்தில் இன்னும் பிறக்கவே இல்லை.

தப்பிய ரவை எங்கே போகும்? இந்தக் கேள்வியைக் காணொளிக்காரர்கள் எல்லோரும் தொடுகிறார்கள்; அவர்கள் வீட்டுச் சுவரை வைத்துத் தொடுகிறார்கள். நம் சுவரை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு குண்டு மனிதனைத் தடுத்து நிறுத்த எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓர் அளவு வைத்திருக்கிறது. 1986-இல் மயாமியில் நடந்த ஒரு சண்டையில் அவர்களுடைய அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். சுடப்பட்ட கொள்ளையன் குண்டு உடலில் இருந்தும் தொடர்ந்து சுட்டான். குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. அதன் பிறகுதான், தசையைப் போல் நடந்துகொள்ளும் ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம் போகும் குண்டே போதுமானது என்று வகுத்தார்கள். அதாவது 30 சென்டிமீட்டர். அந்தத் தேர்வில் தேறும் எந்தக் குண்டும் லயத்துப் பலகைச் சுவர் முன் நிற்கப் போவதில்லை. இரண்டு சென்டிமீட்டர்ப் பலகை அதற்கு ஒரு காகிதம். பழைய லயங்களில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருப்பது அந்த ஒரு பலகைத் தடுப்புதான். பல இடங்களில் அது கூரைவரைகூட எட்டாது. அடுத்த வீட்டில் குழந்தை இருமினால் இந்த வீட்டில் கேட்கும். அங்கே .303 வெடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது, வரிசையாகப் போகும்.

பன்னிரண்டு போரில் போடும் எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது பெரிய ரவைகள். ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், 3.5 கிராம். சுமந்து போகும் ஆற்றல் ஒவ்வொன்றுக்கும் 270 ஜூல் அளவு, .22 குண்டைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு. ஒருமுறை விசையை அழுத்தினால் ஒன்பது ‘.22’-க்கு மேல் ஒரே நேரத்தில் பலகையைத் துளைத்துப் போகின்றன என்று எண்ணிக்கொள்ளலாம். பறவை சுடும் சின்ன ரவை வேறு. ஒன்று 0.1 கிராம்தான் இருக்கும், 10 ஜூலைக்கூடத் தொடாது, சீக்கிரம் வேகம் இழக்கும். பலகைக்கு அப்பால் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் அதே காரணத்தால் ஆளையும் நம்பகமாக நிறுத்தாது. இரண்டு நல்லதையும் ஒரே தோட்டாவில் அடைக்க இயற்பியல் இடம் தரவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 5.56 போன்ற இலேசான, வேகமான குண்டு எதிலாவது பட்டதும் நிலைகுலைந்து புரளும், சில ரகங்கள் சிதறிவிடும். அதனால் அது உள்சுவர்களைத் தாண்டும்போது பெரிய ரவையையோ கைத்துப்பாக்கிக் குண்டையோ விடச் சீக்கிரம் வலுவிழக்கலாம். அமெரிக்க வீடுகளில் ரைஃபிளைப் பரிந்துரைப்பவர்களின் தத்துவம் இதுதான். அவர்களுடைய உள்சுவர் பெரும்பாலும் இரண்டு ஜிப்சம் அட்டையும் நடுவில் வெற்றிடமும். அங்கேயே அது ‘குறைவாகத் துளைக்கும்’ என்பார்களே தவிர, ‘துளைக்காது’ என்று பொறுப்பானவர் யாரும் சொல்வதில்லை. நம் லயத்தில் நடுவே வெற்றிடம்கூட இல்லை. தாமான் வீட்டின் செங்கல் சுவர் ஓரளவு தாங்கும், சின்ன ரவையும்.22-வும் அதில் நிற்கும். ராணுவ ரைஃபிளின் முழு வலிமையுள்ள குண்டு ஒற்றைச் செங்கல் சுவரைத் துளைக்க வல்லது. சுவரை விடுங்கள், நம் தொடர் வீடுகளில் எதிரெதிர் வீட்டின் கண்ணாடிச் சன்னல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுவே இருப்பது ஒரு தெரு, இரண்டு கார்.

தப்பும் குண்டு எத்தனை என்பதற்கும் ஓர் அளவு உண்டு. நியூயார்க் நகரக் காவல்துறைக்காக ராண்ட் நிறுவனம் 2008-இல் தந்த ஆய்வில், 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களைப் பார்த்தார்கள். இருபக்கமும் சுட்டுக்கொண்ட சண்டைகளில் காவலர்களின் குறி பட்டது 18 விழுக்காடு. எதிரி திருப்பிச் சுடாதபோதும் 30 விழுக்காடுதான். இவர்கள் பயிற்சி பெற்றவர்கள், சம்பளம் வாங்குபவர்கள். நள்ளிரவு இரண்டரை மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடும் நம் வீட்டு மாமாவுக்கு எவ்வளவு போடலாம்? ஐந்து குண்டில் நாலு தப்பும் என்றால், அந்த நாலுக்காகத்தான் கலிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது கேள்வி திருடனைப் பற்றியதாக இல்லாமல் பக்கத்து வீட்டைப் பற்றியதாக மாறிவிடுகிறது. எந்தக் கலிபருக்கும் அங்கே நல்ல பதில் இல்லை என்பதே என் கருத்து.

இருட்டில் ஆளை அடையாளம் காண்பது அடுத்த சிக்கல். வேட்டைக்குப் போனவர் தன் கூட்டாளியையே பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார் என்ற செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம். அவர்கள் விழித்திருந்தவர்கள், கையில் டார்ச் விளக்கு வைத்திருந்தவர்கள். வேலை முடிந்து தாமதமாக வரும் மகனும், கதவைத் தள்ளும் திருடனும் இருட்டில் ஒரே நிழல்தான். சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவியைக் காயப்படுத்தத் தொடங்கும் எல்லை 140 டெசிபெல். துப்பாக்கி அதைத் தாண்டும். தகரக் கூரைக்கு அடியில், மூடிய அறையில் ஒருமுறை வெடித்தால் சுட்டவருக்கே சில நிமிடம் காது கேட்காது. “அப்பா, நான்தான்” என்று மகன் கத்தினாலும் விழாது.

இதெல்லாம் துப்பாக்கி வேலை செய்யும் அந்த ஓர் இரவின் கணக்கு. மீதி இரவுகளில் அது அலமாரியில் சும்மா இருக்கிறதே, அதன் கணக்கு என்ன? 1993-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஆர்தர் கெல்லர்மனும் சகாக்களும், துப்பாக்கி இருக்கும் வீட்டில் வசிப்பவர் வீட்டிலேயே கொல்லப்படும் அபாயம் 2.7 மடங்கு என்று எழுதினார்கள். ஆபத்தில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குகிறார்கள், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்கள் என்று கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம். 2022-இல் கலிஃபோர்னியாவில் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து செய்த ஆய்வு, துப்பாக்கி வைத்திருக்காமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைவிட இருமடங்குக்கு மேல் இருந்தது. அந்நியர் கையால் என்பதைவிட, வீட்டில் உள்ளவர் கையால்தான் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.

நம் தோட்டப்புறத்துக்கு இது புரியாத பாடமல்ல. நாம் அதைத் துப்பாக்கியில் படிக்கவில்லை, களைக்கொல்லியில் படித்தோம். செம்பனைத் தோட்டங்களில் தெளித்த பாரகுவாட் லயத்து வீட்டு மூலையில் ஒரு போத்தலில் இருந்தது. சண்டை வந்த இரவில், மனம் உடைந்த இரவில், கைக்கெட்டிய இடத்தில் மீள முடியாத ஒன்று இருந்ததால் எத்தனை குடும்பங்கள் கெட்டன என்பது தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995-ஐ ஒட்டித் தடுத்தபோது, பத்தே ஆண்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. மனிதர்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டும் கொடிய பொருள் குறைந்தது. மலேசியா பாரகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுவதுமாகத் தடுத்தது. இத்தனை பாடுபட்டு ஒரு போத்தலை வீட்டை விட்டு வெளியேற்றிய நாம், அந்த இடத்தில் தோட்டா நிரப்பிய குழலைக் கொண்டுபோய் வைக்க ஆசைப்படுவது எனக்கு விளங்கவில்லை.

பன்றியைப் பற்றிக் கேட்பார்கள். பாலிங், சீக் பக்கம் சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நட்டு ஓராண்டு ஆகாத செம்பனைக் கன்றின் குருத்தை ஒரே இரவில் வரிசையாகத் தோண்டிவிடும் விலங்கு அது. அங்கே ஷாட்கன் சரியான கருவி, ரைஃபிள் அல்ல. .22 பன்றிக்குப் போதாது, காயத்தோடு ஓடவிட்டு நாலு நாள் வதைக்கும். அந்தச் சின்னக் குண்டே திறந்த வெளியில் ஒரு மைலுக்கு மேல் போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்து எச்சரிக்கிறார்கள். கெடாவின் நெல்வயல் சமவெளியில் குண்டைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. பெரிய ரவையோ, உருண்டை வடிவம் என்பதால், காற்றிலேயே வேகத்தை இழந்துவிடும். மரத்தின்மேல் பரண் கட்டி, கீழ்நோக்கிச் சுட்டால் தப்பிய ரவை மண்ணில் புதையும். பழைய வேட்டைக்காரர்கள் பரண் கட்டியதில் இந்த லாபமும் உண்டு. யானைக்கு இது எதுவும் உதவாது. பன்னிரண்டு போர் அதை நிறுத்தாது, வெறி ஏற்றிவிடும். தவிர, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. உலு மூடா காட்டோரத்தில் இருப்பவர்களுக்குத் தேவை வனவிலங்குத் துறை ஆட்கள் கூப்பிட்ட அன்றே வருவது. அதற்காக எத்தனை மனு வேண்டுமானாலும் எழுதலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பயிருக்குத் துப்பாக்கி கொடுப்பார்கள், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்பதற்கு உறைக்கத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் பன்றியையும் பிள்ளையையும் தராசில் வைக்கவில்லை. வயலில் பின்னால் மண். வீட்டில் பின்னால் மனிதர்கள். குண்டுக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பதைவிடப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் துப்பாக்கி அறிந்தவர்கள் முதலில் பார்க்கும் விஷயம். தற்காப்பு உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் அதைத் தருகின்றன. இரவில் வீடு உடைத்து வருபவனை எதிர்ப்பதும் அதில் அடங்கும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 99-ஆம் பிரிவு எல்லை போடுகிறது. பலகையைத் தாண்டிப் போகும் குண்டுக்கு அந்த எல்லை எங்கே தெரியப் போகிறது?

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் நம் கெடாவின் பாலிங்கில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் உட்கார்ந்து பேசினார்கள். சரணடைவதா இல்லையா என்பதில்தான் அந்தப் பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. ஆயுதச் சட்டமும் அதே ஆண்டுதான். பன்னிரண்டு ஆண்டு துப்பாக்கியோடு வாழ்ந்து பார்த்த நாடு போட்ட சட்டம் அது. அதன் கடுமையில் காலனி ஆட்சியின் பயமும் கலந்திருக்கிறது, கணபதியை நினைத்தால் அது மறக்காது. இருந்தாலும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. வசதியுள்ளவன் நல்ல துப்பாக்கியும் செங்கல் சுவரும் வைத்திருப்பான். பலகை வீட்டுக்காரனுக்கு எஞ்சுவது மற்றவர்களின் தப்பிய குண்டு. 1950-இல் பங்களாவுக்கும் லயத்துக்கும் இருந்த வேறுபாடு திரும்ப வர அதிக நாள் ஆகாது.

வீட்டுக் காவலுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால் அதற்கு உருப்படியான இடங்கள் உண்டு. திருடன் பெரும்பாலும் தேடுவது பின்கதவு. பலகைக் கதவென்றால் பூட்டைவிடக் கீலும் சட்டமும் முக்கியம். ஒன்றரை அங்குலத் திருகாணியைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலம் போட்டால், ஓர் உதையில் சட்டம் பெயர்ந்து வராது. ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் விளக்கைப் பின்புறம் மாட்டலாம். நாய் நல்லது, குரைக்கும் நாய் போதும், கடிக்கும் நாய் வேண்டியதில்லை. 1975 முதல் நாட்டில் இருக்கும் ருக்குன் தெத்தாங்கா அண்டை அயலார் காவலில் நம் ஆட்கள் எத்தனை பேர் இரவு ரோந்துக்குப் போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். கிரில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளிருந்து பூட்டிய கிரிலின் சாவி கிடைக்காமல் தீயில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. சாவியைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காமல், வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாத, உள்ளே சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதிலேயே மாட்டி வையுங்கள்.